டேட்டா லேண்ட் எது என்று முதலில் பாருங்கள்

ரயில் பாதைக்காக எங்கள் புஞ்சையில் 62 சென்ட் போனது. இழப்பீட்டை நிர்ணயிக்கும் ஆணையான அவார்டின் நகல் வந்ததும் எல்லோரும் கடைசிப் பக்கத்துத் தொகையைத்தான் பார்த்தோம். பார்க்க வேண்டியது நடுவிலுள்ள விற்பனைப் பட்டியல். அக்கம்பக்கத்துக் கிரயங்களை வரிசையாகப் போட்டு, "மனை", "பரப்பு குறைவு" என்று தள்ளிவிட்டு, ஒன்றை மட்டும் 'டேட்டா லேண்ட்', அதாவது நம் நிலத்துக்கு விலை போட அடிப்படையாக எடுக்கும் நிலம், என்று வைத்திருப்பார்கள். எங்களுக்கு வாய்த்தது வண்டிப்பாதைகூட இல்லாத மேட்டுக்காடு. எங்கள் நிலமோ தார்ச்சாலை ஓரம்.

2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 26ஆவது பிரிவைப் படியுங்கள். விற்பனைச் சராசரி என்றால் முந்தைய 3 ஆண்டுக் கிரயங்களில் விலை கூடிய பாதியின் சராசரி. வழிகாட்டி மதிப்பு அதைவிட அதிகமென்றால் அதைத்தான் எடுக்க வேண்டும். இழப்பீட்டோடு கூடுதலாகத் தரும் ஆறுதல் தொகை 100 சதவீதம் என்பதால், அடிப்படை விலையில் ஏறும் ஒவ்வொரு ரூபாயும் கடைசியில் இரண்டாகவாவது வரும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் அக்கம்பக்கத்துப் புல எண்களுக்கு வில்லங்கம் போட்டு, பத்திரங்களின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். அறிவிப்புக்கு முந்தைய தேதியாக இருக்கட்டும். மனைப் பத்திரத்தை மட்டும் நீட்டினால் ரோடு, சாக்கடைச் செலவு என்று ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். ஏக்கர் கணக்கில் விற்ற பத்திரம் ஒன்றாவது தேடிப் பிடியுங்கள். எனக்கு அது கிடைக்க 3 வாரம் ஆனது.

பணத்தை வாங்கலாம், ஆனால் "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதிவிட்டு வாங்குங்கள். சித்தப்பா அப்படி எழுதாமல், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். தொகை போதாது என்று 64ஆவது பிரிவில் மனு போடும் உரிமை அதோடு போச்சு.

அந்த மனு கலெக்டருக்கு. அவார்டு அன்று நேரில் இருந்தவருக்கு 6 வாரம்தான் கெடு. எது தவறு, ஏன் தவறு என்று காரணத்தோடு எழுத வேண்டும். கலெக்டர் அதை 30 நாளில், இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும்; அங்கும் தொகை போதவில்லை என்றால் 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம். (தேசிய நெடுஞ்சாலைக்கு எடுத்தால் வழியே வேறு: முதலில் நடுவர், அப்புறம்தான் மாவட்ட நீதிமன்றம்.)

எங்களுக்குத் தொகை கூடியது. அதே அறிவிப்பில் நிலம் போனவர்கள் 73ஆவது பிரிவின்படி 3 மாதத்துக்குள் அதே விலையைக் கேட்கலாம் என்று வக்கீல் சொன்ன மறுநாளே, சித்தப்பா பட்டா நகலோடு என் வீட்டு வாசலில் நின்றார்.