பழைய நீராலையில் மீண்டும் மின்சாரம்: டர்பைனைக் கடைசியில் வாங்குங்கள்

தண்ணீரால் சக்கரம் சுற்றி ஓடி, இப்போது ஓடாமல் கிடக்கும் நீராலையைச் சீரமைத்து, அதே தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று ஊரார் கூடினால், முதல் கூட்டத்திலேயே எந்த டர்பைன் என்ற பேச்சு வந்துவிடும். அது கடைசிக் கேள்வி. தண்ணீரை ஓராண்டு அளந்து, கட்டடம் என்ன தாங்கும் என்று பார்த்துவிட்டால் இயந்திரத்தின் அளவு தானே முடிவாகிவிடும். முதலில் வாங்கிவிட்டால், அதற்கு இடம் கொடுக்க எந்தச் சுவரை இடிப்பது என்று தேட வேண்டியிருக்கும்.

தண்ணீரை அளப்பது

ஆலைக்கு நீர் வரும் கால்வாயில் வளைவில்லாத 10 மீட்டரைத் தேர்ந்து, இரு முனையிலும் கயிறு கட்டுங்கள். முக்கால் பங்கு நீர் நிரப்பிய பாட்டிலை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதால், கிடைத்த வேகத்தை 0.85-ஆல் பெருக்க வேண்டும். கால்வாய் ஆழம் குறைந்து கல்லும் புல்லுமாக இருந்தால் 0.75 போதும்.

2.5 மீட்டர் அகலம், சராசரி 0.4 மீட்டர் ஆழம் என்றால் குறுக்குப்பரப்பு 1 சதுர மீட்டர். பாட்டில் 17 விநாடியில் கடந்தால் நீரோட்டம் விநாடிக்கு 500 லிட்டர். நீர் விழும் உயரத்தைக் கொத்தனாரின் டியூப் லெவலே காட்டிவிடும். அது 2 மீட்டர் என்று வையுங்கள். புவியீர்ப்பு 9.81, நீரோட்டம் 0.5 கன மீட்டர், உயரம் 2 மீட்டர்: 9.81 × 0.5 × 2 = 9.8 கிலோவாட். சக்கரம், கியர், ஜெனரேட்டர் என எல்லா இழப்பும் போக 60 முதல் 65 சதவீதம் கைக்கு வரும். ஏறத்தாழ 6 கிலோவாட். ஆண்டில் பாதி நேரம் முழுத்திறனில் ஓடியதற்குச் சமம் என்று கணக்கிட்டால் 26,000 யூனிட்.

ஒரு நாள் அளவை நம்பக் கூடாது. வாரம் ஒருமுறை என 52 அளவுகள் எடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். ஆற்றில் விட்டே ஆக வேண்டிய நீரைக் கழித்தபின், பதினைந்தாவதுக்கும் இருபதாவதுக்கும் இடையில் நிற்கும் அளவுக்கு இயந்திரத்தைத் திட்டமிடலாம். மழைக்கால அளவுக்கு வாங்கியது ஆண்டின் பெரும்பகுதி அரைகுறையாகவே சுற்றும். வெள்ளத்தின்போதும் ஒருமுறை உயரத்தை அளந்துவிடுங்கள். ஆலைக்குக் கீழே நீர்மட்டம் ஏறும்போது விழும் உயரம் குறையும். தாழ்ந்த அணைக்கட்டுகளில் வெள்ள நாளில் உற்பத்தி நின்றே போவது இதனால்தான்.

கட்டடம்

எதையும் தொடுவதற்கு முன் எல்லாச் சுவரையும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள், வரைபடமாக்குங்கள். பழைய ஆலைகள் போன்ற தொழில் மரபிடங்களைக் காப்பதற்கான 2003-ஆம் ஆண்டு நிஷ்னி தாகில் சாசனம் இரண்டைக் கேட்கிறது: செய்யும் மாற்றம் பின்னாளில் நீக்கக்கூடியதாக இருக்க வேண்டும், தவிர்க்க முடியாத மாற்றம் பதிவாக வேண்டும்.

பலரும் தவறும் இடம் அடித்தளம். பழைய ஆலைகள் பலவும் மரத்தூண்கள் மேல் நிற்கின்றன. நீருக்குள் இருக்கும்வரை காற்றுப் படாததால் அந்த மரம் நூற்றாண்டுகள் தாங்கும். வேலை வசதிக்காகக் கால்வாயை மாதக்கணக்கில் வறள விட்டால் மரம் அழுகத் தொடங்கும், மேலே சுவர் விரியும். கால்வாய்க்கு மிதித்துப் பதித்த களிமண் பூச்சும் அப்படித்தான். காய்ந்து வெடித்தால் பிறகு ஒழுகிக்கொண்டே இருக்கும். ஆகவே பகுதி பகுதியாகத் தடுத்து வேலை செய்யுங்கள். வண்டலை வாருவதற்கு முன் சோதனைக்கு அனுப்புங்கள். சாயம் தோய்த்த அல்லது தோல் பதனிட்ட இடத்தில் கனஉலோகங்கள் படிந்திருக்கலாம். பழைய இரும்பின் பெயிண்டில் ஈயமும், குழாய்ச் சுற்றலில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம்; சுரண்டும் வேலை பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும்.

இணைப்புகளுக்குச் சிமெண்ட் வேண்டாம். அது மென்மையான கல்லைவிட இறுகிப்போகும். ஈரம் இணைப்பு வழியே வெளியேற முடியாமல் கல் வழியே வரும், கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். நீரில் இறுகும் சுண்ணாம்பு ஒரு பங்கு, சுத்தமான கூர்மணல் இரண்டரைப் பங்கு சேருங்கள். சாதாரண நீற்றுச் சுண்ணாம்பு காற்றில்தான் இறுகும். அதை நீர்மட்டத்தில் பூசினால் கரைந்துவிடும், சுர்க்கி (செங்கல் தூள்) கலந்தால் நிற்கும். பழைய சாந்தை இணைப்பின் அகலத்தைப் போல் இரு மடங்கு ஆழத்துக்காவது தோண்டி, நனைத்துப் பூசி, ஈரச் சாக்கால் ஒரு வாரமாவது மூடி வையுங்கள். 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் வேலையை நிறுத்துங்கள்.

இயந்திரம்

1759-இல் ஜான் ஸ்மீட்டன் வெளியிட்ட சோதனைகளின்படி, மேலிருந்து நீர் வாங்கும் சக்கரம், அடியில் நீர் மோதும் சக்கரத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேலை தரும். நீர் விழும் உயரம் 3 மீட்டரைத் தாண்டினால் மேலிருந்து நீர் வாங்கும் சக்கரம் நல்ல தேர்வு. அதற்குக் குறைந்து, நீர் மட்டும் நிறைய இருந்தால் ஆர்க்கிமிடிஸ் திருகு, அதாவது மேலிருந்து இறங்கும் நீர் சுற்றவைக்கும் சாய்ந்த பெரிய திருகு, பொருந்தும். மெதுவாகச் சுற்றுவதால் மீன்களுக்கும் கேடு குறைவு.

பழைய சக்கரத்தையே ஓட்ட ஆசைப்படுவோர் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். 3 மீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 9 முறைதான் சுற்றும். அந்த வேகத்தில் 6 கிலோவாட் என்றால் அச்சில் 6,000 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கு விசை விழும். விரிசல் விட்ட வார்ப்பிரும்பு அச்சைச் சாதாரண வெல்டிங்கில் ஒட்டினால் பக்கத்திலேயே மறுபடி விரியும். சூடாக்காமல் உலோகத் துண்டுகளைப் பதித்து விரிசலைப் பிணைக்கும் உலோகத் தையல் முறைதான் வழி. முடியாதென்றால் சக்கரத்தைக் காட்சிக்கு விட்டு, பக்கத்து மதகில் திருகை வையுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கியர்பாக்ஸைப் பழைய சுவரில் பொருத்தாதீர்கள். தனிக் கான்கிரீட் மேடை போட்டு, சுவருக்கும் அதற்கும் 25 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். அதிர்வு சுண்ணாம்பு இணைப்பைத் தளர்த்திவிடும். மின்தடை வந்தால் சுமை நீங்கி இயந்திரம் கட்டின்றிச் சுற்றத் தொடங்கும். எனவே மதகின் கதவு மின்சாரத்தால் திறந்து நிற்பதாகவும், மின்சாரம் போனதும் தன் எடையிலேயே விழுந்து மூடுவதாகவும் அமைய வேண்டும். மோட்டார் வைத்து மூடும் கதவு, தேவைப்படும் அதே நொடியில் கைவிடும்.

ஊரார்

இங்கிலாந்தின் நியூ மில்ஸ் ஊரில் பழைய டார் மில் நின்ற இடத்தில், மக்கள் பங்கு வாங்கி 2008-இல் 63 கிலோவாட் திருகை நிறுவினார்கள். இந்த வழியில் போவதானால் எவ்வளவு பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். நீர் எடுக்கும் உரிமை, மரபுக் கட்டட அனுமதி, மின்இணைப்பு மூன்றுக்கும் ஒரே நாளில் விண்ணப்பியுங்கள்; மின்இணைப்பு மறுக்கப்பட்டால் முழுக்கணக்கும் மாறும். பங்குப் பணத்தை அனுமதிகள் வருமுன் செலவழிக்கக் கூடாது.

தன்னார்வலர்களுக்குச் சாந்து பூசுதல், பதிவெடுத்தல், தோட்டம் போதும். சாரம், மின்வேலை, நீருக்குள் வேலை ஆகியவற்றை உரிமம் உள்ளவர்களிடம் விடுங்கள். திறப்பு விழாவுக்குப் பின் எஞ்சுவது, நீர் நுழையும் இடத்தில் குப்பையைத் தடுக்கும் கம்பித் தடுப்பை வாரும் வேலை. இலையுதிர் நாட்களில் தினமும், சில நாள் இருமுறை. கம்பிக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம் பார்த்து நோட்டில் எழுதுங்கள். வித்தியாசம் 10 சென்டிமீட்டர் என்றால் 2 மீட்டர் உயரத்தில் இருபதில் ஒரு பங்கு போய்விட்டது. வருமானத்தில் ஒரு பகுதியைத் திருகின் கீழ் பேரிங்குக்கு ஒதுக்குங்கள். நீருக்குள் கிடப்பதால் பெரும்பாலும் அதுதான் முதலில் தேயும், மாற்றக் கால்வாயை அடைக்க வேண்டியிருக்கும்.