டோஃபு சமைக்க: முதலில் தண்ணீரை எடுங்கள்

டோஃபு (சோயா பாலைத் திரித்துச் செய்யும், பன்னீர் போன்ற கட்டி) பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, “அதிலிருக்கும் தண்ணீரை எடுத்தீர்களா?” பெரும்பாலும் பாக்கெட்டைப் பிரித்து, மேலே நிற்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அப்படியே நறுக்கி வாணலியில் போட்டிருப்பார்கள். கெட்டி டோஃபுவின் எடையிலேயே ஏறக்குறைய முக்கால்வாசி தண்ணீர்தான். அந்த ஈரம் கசிந்துகொண்டே இருந்தால், வறுபட வேண்டியது வெந்துபோகும். அப்புறம் சப்பென்று இருக்கிறது, அடியில் ஒட்டுகிறது என்று டோஃபுவைக் குறை சொல்வார்கள்.

வறுப்பதற்குக் கெட்டி வகைதான் வேண்டும். அதைச் செய்யும்போது, திரிந்த சோயா பாலைத் துணியில் வடித்து, பாரம் வைத்து அழுத்துவார்கள். சில்கன் என்கிற மிருதுவான வகையில் வடிப்பதும் இல்லை, அழுத்துவதும் இல்லை; பால் உறைந்தது உறைந்தபடியே இருக்கும். அதை வறுக்கப் போனால் கூழ்தான் மிஞ்சும். சூப்பில் கடைசியாகச் சேர்க்கலாம், மிக்ஸியில் அடித்து சாஸுக்கு எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

தண்ணீர் எடுக்க எல்லோரும் சொல்வது பாரம் வைப்பது. கட்டியைக் குறுக்கே இரண்டு பலகைகளாக அறுத்து, சுத்தமான துணியில் சுற்றி, மேலே ஒரு தட்டும் அதன்மேல் ஒரு கிலோ அளவுக்கு ஏதாவது பாரமும் வைத்து, அரை மணி நேரம் விடுங்கள். அவசரப்பட்டுப் பாரத்தைக் கூட்டினால் ஓரம் வெடித்துவிடும். இதற்கென்று தனியாகக் கருவி விற்கிறார்கள். எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

உண்மையில் நான் தினசரி செய்வது வேறு. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒன்றரை மேசைக்கரண்டி உப்புப் போட்டு அடுப்பை அணைத்துவிடுவேன். இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிய டோஃபுவை அதில் கால் மணி நேரம் ஊற விடுவேன். தண்ணீரை எடுக்கத் தண்ணீரிலேயே போடுவதா என்று தோன்றும். சூட்டில் புரதம் இறுகி, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே தள்ளும். வடித்துத் துணியில் பரப்பினால், சூடாக இருப்பதால் மேல்பக்கம் தானே ஆவி விட்டு உலர்ந்துவிடும். உப்பும் பிடித்திருக்கும், பச்சை வாசனையும் குறைந்திருக்கும். அவசரத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மெல்லும்போது கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும் என்பவர்கள் ஃப்ரீசரில் வையுங்கள். இரவு முழுக்க உறைந்தால் உள்ளே பனிக்கட்டி படிந்து சின்னச் சின்னத் துளைகள் விழும். கட்டி மஞ்சளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பனி விட்டதும் நிறம் பழையபடி வந்துவிடும். அதன்பின் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிழியுங்கள். ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீரைக் கக்கும். குழம்பு, சாஸ் எதில் போட்டாலும் அதே வேகத்தில் உறிஞ்சிக்கொள்ளும்.

சரி, வறுப்போம். 200 கிராம் டோஃபுவுக்கு ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளவர், கொஞ்சம் மிளகுத்தூள். மாவை முன்கூட்டியே பிசறி வைக்காதீர்கள், ஈரத்தில் பசையாகிவிடும். எண்ணெய் காய்ந்த பிறகு பிசறி, உடனே ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். அடுப்பு மிதமாக இருக்கட்டும்.

இனி கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். இந்த இடத்தில்தான் கை சும்மா இருக்காது. போட்டவுடன் சடசடவென்று சத்தம் வரும். மூன்று நான்கு நிமிடத்தில் அது மெல்ல அடங்கும். அடிப்பக்கத்து ஓரத்தில் பொன்னிறக் கோடு ஒன்று தெரியும். அப்போது வாணலியை லேசாக அசைத்தால் துண்டுகள் தானாக நகரும். நகரவில்லை என்றால் இன்னும் ஆகவில்லை என்று அர்த்தம். சுரண்டினால் மொறுமொறுப்பான தோல் வாணலியோடு போய்விடும். நகர்ந்த பிறகு திருப்புங்கள். ஆறு பக்கமும் சிவக்க வேண்டியதில்லை, மூன்று பக்கம் போதும்.

மணிக்கணக்கில் மசாலாவில் ஊற வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உள்ளே அதிகம் இறங்குவதில்லை, மேலே ஈரம் மட்டும் கூடுகிறது. அதற்குப் பதில் சாஸைக் கடைசியில் சேருங்கள். வறுத்ததை எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் பொடியாக நறுக்கிய பூண்டு, இஞ்சி. வாசனை வந்ததும் ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, கால் கப் தண்ணீர். கொதித்துப் பளபளப்பாகச் சுண்டியதும் டோஃபுவைப் போட்டு இரண்டு புரட்டு, அவ்வளவுதான். உப்புத் தண்ணீரில் ஊறியிருந்தால் வேறு உப்பு வேண்டாம். பரிமாறுவதற்குச் சற்று முன்னால் இதைச் செய்யுங்கள், நேரமானால் மொறுமொறுப்பு போய்விடும்.

பாதிக் கட்டி மிஞ்சினால், மூழ்கும் அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றி, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றினால் மூன்று நாள் தாங்கும். புளித்த வாடை வந்தாலோ, தொட்டால் வழவழத்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.