ஒரு ரூபாய் ஆசை, மாதாமாதம் பிடித்தம்

அப்பாவின் கணக்கிலிருந்து மாதாமாதம் 199 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. ஒரு வீடியோ செயலியின் வேலை. "வெறும் 1 ரூபாய்க்கு ஒரு வாரம்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே பொடி எழுத்தில், கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் யுபிஐ ஆட்டோபேக்கு ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள். அந்த 1 ரூபாயைக் கட்ட யுபிஐ பின் (PIN) நம்பர் போடும்போதே அடுத்தடுத்த மாதங்களுக்கும் அனுமதி போய்விடுகிறது. "அதைத்தான் போனிலிருந்து எடுத்துவிட்டேனே" என்றார் அப்பா. எடுத்தால் செயலிதான் போகும், ஆட்டோபே அப்படியே இருக்கும்.

திரும்ப ஏற்றி, உள்ளே ரத்து செய்யும் இடத்தைத் தேடினேன். 'நிஜமாகவா?', 'பாதி விலைக்குத் தரட்டுமா?' என்று சுற்றலில் விட்டது. சரி என்று அதை விட்டுவிட்டுப் பணம் அனுப்பும் யுபிஐ செயலிக்குப் போனேன். அங்கே ஆட்டோபே என்றே ஒரு பகுதி உண்டு. நிறுவனத்தின் பெயரைத் தொட்டு, ரத்து கொடுத்து, பின் நம்பர் போட்டதும் முடிந்தது. அவர்கள் சம்மதமே தேவையில்லை.

இந்தச் சந்தாப் பொறி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் பட்டியலிட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. அதைச் சொல்லியே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன். கடைசி மாதத் தொகை மட்டும் திரும்ப வந்தது.