புள்ளி இல்லாத இடத்தில் பூச்சி இல்லையா?

வெயில் ஏறிய காலையில் இட்லிப்பூச் செடியருகே நின்றால், தேன்சிட்டு போல அந்தரத்தில் நின்றபடி பூவுக்குள் உறிஞ்சுகுழலை விடும் ஒரு பூச்சியைப் பார்க்க வாய்ப்புண்டு. பச்சை கலந்த மஞ்சள் உடல், இடுப்பில் சிவந்த பட்டை, கண்ணாடி இறக்கை. செஃபோனோடஸ் ஹைலஸ் என்னும் இந்த ஹாக் மாத் அந்துப்பூச்சிதான்; ஆனால் பறப்பது பகலில். இந்தியா, இலங்கை தொடங்கி ஜப்பான், ஆஸ்திரேலியா வரை வாழ்கிறது. இதன் பரவலை வரைபடமாக்குபவர்கள் திரும்பத் திரும்பச் சில இடங்களில் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல் இரவிலேயே நேர்ந்துவிடுகிறது. அந்துப்பூச்சிக் கணக்கெடுப்பு என்றால் வெள்ளைத் துணி கட்டி, விளக்கேற்றி, விடிய விடியக் காத்திருப்பதுதான் வழக்கம். பகல் பூச்சி அந்தத் துணிக்கு ஏன் வரப்போகிறது? பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக அந்த மாவட்டத்தை வெற்றிடமாக விடுவது பெரும் பிழை. யாரும் பகலில் தேடாத இடத்தையும், தேடியும் கிடைக்காத இடத்தையும் தனித்தனி நிறத்தில் காட்டுங்கள். இதை மட்டும் செய்தாலே வரைபடம் பாதி நேர்மையாகிவிடும்.

அடுத்தது அருங்காட்சியகத்தில் பாடம் செய்த பூச்சியோடு இருக்கும் பழைய இடக்குறிப்புச் சீட்டு. அதில் ‘மெட்ராஸ்’ என்றிருந்தால் உடனே சென்னையில் புள்ளி வைத்துவிடுகிறார்கள். அன்றைய மெட்ராஸ் மாகாணமோ ஒடிசாவின் தென்கரையிலிருந்து மலபார் வரை விரிந்திருந்தது. நகரமா மாகாணமா என்று தெரியாவிட்டால் புள்ளியே வேண்டாம்.

பார்த்த உயிரினங்களைப் பொதுமக்கள் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளப் பதிவுகளில் இடம் மறைக்கப்பட்டிருந்தால், காட்டப்படும் புள்ளி 0.2 பாகை அகலமுள்ள கட்டத்துக்குள் எங்கோ விழுந்தது. நம் பகுதியில் அது ஏறக்குறைய 22 கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில் அவ்வளவு தூரத்தில் சமவெளி முடிந்து சோலைக்காடே வந்துவிடும். உயரத்தோடு பரவலை ஒப்பிட இந்தப் பதிவுகள் உதவாது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறினால் சென்னைப் பூச்சி ஆர்க்டிக் கடலில் போய் விழும். இது கண்ணில் பட்டுவிடும், திருத்துவதும் எளிது.

பெயரில்தான் கூடுதல் கவனம் தேவை. செஃபோனோடஸ் பைகஸ் என்ற நெருங்கிய உறவும் இந்தியாவில் உண்டு. கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஹைலஸின் இறக்கையில் சாம்பல்நிறச் செதில்கள் மூடியிருக்கும். முதல் பறத்தலில் அவை உதிரும். அதைப் பார்த்து வேறு இனம் என எழுதிவிடாதீர்கள். ஆப்பிரிக்கப் பதிவுகளையும் பிரித்தே வையுங்கள். அங்குள்ளதைத் தனி இனமாகக் கொள்வோர் இருக்கிறார்கள்.

புழுவையும் பறக்கும் பூச்சியையும் ஒரே குறியில் அடைக்க வேண்டாம். பறந்து வந்தது கடந்து போயிருக்கலாம். காப்பி அல்லது கார்டீனியா இலையில் வால்முனைக் கொம்போடு புழு கிடைத்தால், அங்கே அது இனம் பெருக்கியிருக்கிறது.