இழைகள் மோதும் வழு தெரிந்தும் மென்பொருளை வெளியிடலாமா?

வெளியீட்டு நாள் நெருங்கும் நேரத்தில், ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும், த்ரெட் எனப்படும் இழைகள் பல ஒரே தரவைத் தொடுவதால் எழும் வழுக்கள் சில தீராமல் நிற்பது திறந்த மூலத் திட்டங்களில் வழக்கம்தான். உடனே பலரும் கேட்பது, அந்த வழு எத்தனை முறைக்கு ஒருமுறை வரும் என்று. அதற்கு முன்பே கேட்க வேண்டியது, வந்தால் எதைக் கெடுக்கும் என்பது.

ஒரு கணக்கியில் 5 இருப்பதாகக் கொள்வோம். அதில் ஒன்றைக் கூட்டும் ஒற்றை வரி, உள்ளே படித்தல், கூட்டுதல், திரும்ப எழுதுதல் என மூன்று படிகளாக நடக்கிறது. இரண்டு இழைகளும் 5-ஐப் படித்துவிட்டு இரண்டுமே 6 என்று எழுதினால், ஒரு கூட்டல் தொலைந்துபோகும். அது பதிவிறக்கங்களை எண்ணும் கணக்கி என்றால், தெரிந்த குறை என்று குறித்துவிட்டு வெளியிடலாம். அதுவே ஒரு நினைவகப் பகுதியை இன்னும் எத்தனை இடங்களிலிருந்து பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணும் கணக்கி என்றால், ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே அந்தப் பகுதி விடுவிக்கப்பட்டு, தரவு சிதையலாம், தாக்குபவருக்கும் வழி கிடைக்கலாம். இதை வெளியிடக் கூடாது.

ஓசையின்றித் தரவைக் கெடுப்பதும் அனுமதி எல்லையைத் தாண்டவிடுவதும் வெளியீட்டை நிறுத்தியாக வேண்டிய வழுக்கள். இழைகள் ஒன்றுக்காக மற்றொன்று முடிவின்றிக் காத்திருக்கும் டெட்லாக்கில் நிரல் உறைந்து நிற்பது அவ்வளவு மோசமில்லை. பயனருக்கு அது கண்ணுக்குத் தெரிகிறது. பழைய பதிப்பிலும் அதே வழு இருந்தால், புதியதை நிறுத்திவைப்பதால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. அந்த வெளியீட்டில் வேறு பாதுகாப்புத் திருத்தங்கள் இருந்தால், நிறுத்திவைப்பதே கெடுதலாக முடியும்.

அரிதாகத்தான் வரும் என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. லட்சத்தில் ஒருமுறை வரும் வழு, நாளுக்குப் பத்து லட்சம் கோரிக்கைகளைக் கையாளும் சர்வரில் தினமும் சுமார் பத்து முறை வரும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் 2007-இன் 2.6.22 பதிப்பிலிருந்து இருந்துவந்து, 2016 அக்டோபரில் திருத்தப்பட்ட 'டர்ட்டி கௌ' என்ற மோதல் வழு, சாதாரணப் பயனர் ஒருவர் படிக்க மட்டுமே அனுமதியுள்ள கோப்பில் எழுதி ரூட் எனப்படும் முழு நிர்வாக அதிகாரம் பெற வழிவிட்டது. பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே தாம் அதைத் திருத்த முயன்றதையும், பின்னர் அத்திருத்தம் விலக்கப்பட்டதையும், அன்று வெறும் கோட்பாட்டளவில் இருந்த மோதல் இப்போது எளிதில் நேர்வதாகிவிட்டதையும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் திருத்தக் குறிப்பிலேயே பதிவுசெய்திருக்கிறார்.

சோதனை முடிவுகளையும் அளவறிந்தே நம்ப வேண்டும். 3,000 முறை ஓட்டியும் ஒருமுறைகூட வழு வரவில்லை என்றாலும், ஆயிரத்துக்கு ஒன்று என்ற வீதத்தை 95 சதவீத உறுதியுடன் விலக்குவதற்கே அது சரியாகப் போதும். இழை மோதல்களைக் கண்டறியும் த்ரெட்சானிட்டைசர், நிரலை 5 முதல் 15 மடங்கு வரை மெதுவாக்கினாலும் கட்டாயம் ஓட்ட வேண்டிய கருவி. ஆனால் சோதனையில் ஓடிய பாதைகளை மட்டுமே அது பார்க்கும்.

வழு புதிய வசதி ஒன்றில் மட்டும் இருந்தால், விரும்புவோர் மட்டும் இயக்கிக்கொள்ளும்படி அதைப் பிரித்துவைப்பது நல்ல வழி. பைத்தான் 3.13, 2024 அக்டோபரில் வெளிவந்தபோது, ஒரு நேரத்தில் ஒரே இழையை மட்டும் ஓடவிடும் ஜிஐஎல் என்ற பொதுப் பூட்டு இல்லாத வடிவம் சோதனை முயற்சி என்ற அறிவிப்புடன் தனியாகவே தரப்பட்டது. பூட்டின்றி ஓட ஆயத்தம் என்று அறிவிக்காத நீட்சி (கூடுதல் நிரல் தொகுதி) ஒன்றை ஏற்றினால், பூட்டு தானாகவே திரும்பிவிடும்.

வெளியிடுவதென்று முடிவானால், 'சில ஒத்திசைவுச் சிக்கல்கள் உள்ளன' என்று மழுப்பாமல், பயனர் செயல்படக்கூடிய வகையில் எழுதுங்கள்: "இரண்டு இழைகள் ஒரே இணைப்பை ஒரே நேரத்தில் மூடினால் நிரல் உறையக்கூடும். 2.4 பதிப்பிலும் இது உண்டு. மூடும் அழைப்பை உங்கள் பக்கம் ஒரு பூட்டுக்குள் வைத்தால் தவிர்க்கலாம்."