உரிமம் பெற்ற இணையப் போக்கர்: பணம் கட்டுமுன் ஆட்டக்காரர் பார்க்க வேண்டியவை

பணம் வைத்து இணையத்தில் ஆடும் சீட்டாட்டமான போக்கரை அரசு சட்டபூர்வமாக்கிவிட்டால் ஆபத்தெல்லாம் நீங்கிவிட்டது என்று பல ஆட்டக்காரர்கள் நம்பிவிடுகிறார்கள். சட்டம் வருவதால் கிடைக்கும் பாதுகாப்பு உண்மையானதுதான்; ஆனால் அது எந்த அளவுக்கு என்பது அந்தந்த ஒழுங்குமுறையின் விதிகளைப் பொறுத்தது. ஆகவே உரிம எண்ணைப் பார்த்ததோடு நிறுத்திவிடாமல், உங்கள் பணம் எங்கே வைக்கப்படுகிறது என்பதை முதலில் விசாரியுங்கள்.

இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு மூன்று பெரிய போக்கர் தளங்களின் இணைய முகவரிகளைக் கைப்பற்றியது. அவற்றுள் ஒன்றான ஃபுல் டில்ட் போக்கர், உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 39 கோடி டாலர் தர வேண்டியிருந்த நிலையில் அதன் வங்கிக் கணக்குகளில் சுமார் 6 கோடி டாலர் மட்டுமே இருந்ததாக அந்நாட்டு நீதித் துறை பின்னர் தெரிவித்தது. அமெரிக்க ஆட்டக்காரர்களின் கைக்குப் பணம் வரத் தொடங்கியது 2014இல்தான். அந்தத் தளம் ஆல்டர்னி தீவின் உரிமம் பெற்றிருந்தது என்பதை மறக்கக் கூடாது.

எனவே தளத்தின் விதிமுறைப் பக்கத்தில் ஆட்டக்காரர் நிதி பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள். பிரிட்டனில், நிறுவனம் நொடித்துப்போனால் உங்கள் பணத்துக்கு எந்த அளவு பாதுகாப்பு உண்டு என்பதை மூன்று நிலைகளில் ஒன்றாக நிறுவனமே அறிவிக்க வேண்டும். தனிக் கணக்கில் வைத்திருந்தாலும், மிகக் குறைந்த பாதுகாப்பு நிலையில் அந்தப் பணம் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும் போய்விடக்கூடும். எந்த நிலையாயினும், விளையாடத் தேவையானதற்கு மேல் தளத்தில் பணம் வைக்காதீர்கள்.

அடுத்தது ஆட்டத்தின் நேர்மை. 2007இல் அப்சலூட் போக்கர் தளத்தில் சில கணக்குகளுக்கு எதிராளிகளின் மூடிய சீட்டுகள் தெரிந்திருந்தன. அதை வெளிக்கொண்டுவந்தவர்கள் ஆட்டப் பதிவுகளை அலசிப் பார்த்த ஆட்டக்காரர்களே. ஒழுங்குமுறை உள்ள இடத்தில் சீட்டுக் கலைக்கும் மென்பொருளைச் சுயேச்சையான ஆய்வகம் சோதிக்கும், முறையிட ஓர் ஆணையமும் இருக்கும். ஆனாலும் முறையீட்டுக்குச் சான்று வேண்டும். ஆட்டப் பதிவுகளை அவ்வப்போது உங்கள் கணினியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

ஒழுங்குமுறைக்கு ஒரு விலையும் உண்டு. எல்லைக்குள் இருப்பவர்கள் மட்டுமே ஆடலாம் என்று சட்டம் சொன்னால் மேசைகள் வெறிச்சோடும். நெவாடா, டெலவேர், நியூ ஜெர்சி ஆகிய அமெரிக்க மாநிலங்கள் 2013இல் தனித்தனியே தொடங்கின. ஆட்கள் போதாமையால் முதல் இரண்டும் 2014இல் ஒப்பந்தம் செய்துகொண்டன, நியூ ஜெர்சி 2017இல் சேர்ந்தது. பிரான்சும் 2010இல் மூடிய சந்தையாகத் தொடங்கி, 2018இல்தான் ஸ்பெயினோடு மேசைகளைப் பகிர்ந்துகொண்டது. பணம் கட்டுமுன், நீங்கள் வழக்கமாக ஆடும் நேரத்தில், உங்கள் பந்தய அளவில் எத்தனை மேசைகள் நடக்கின்றன என்று பாருங்கள்.

வரியின் சுமையும் ஆட்டக்காரர் தலையில்தான் விடியும். நிறுவனத்தின் மீது விதிக்கப்படும் வரி, ரேக் (ஒவ்வோர் ஆட்டத்திலும் தளம் எடுத்துக்கொள்ளும் பங்கு) உயர்வாகவோ சலுகைக் குறைப்பாகவோ உங்களிடம் வந்து சேரும். மேசையில் சேர்ந்த 100 ரூபாயில் 5 ரூபாய் ரேக்காகப் போகும் இடத்தில், அது 6 ஆனால், சிறு வித்தியாசத்தில் லாபம் காண்பவர் நட்டத்துக்குப் போய்விடக்கூடும். வெற்றித் தொகைக்கு வருமான வரி உண்டா என்பதையும் கேட்டறிந்து, கட்டியதையும் எடுத்ததையும் தேதியோடு குறித்துவையுங்கள்.

அடையாள ஆவணங்களைப் பணம் எடுக்கும் நாள்வரை தள்ளிப்போடாமல், கணக்குத் தொடங்கும்போதே சமர்ப்பியுங்கள். இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் வழியாக ஆடினால் கணக்கு முடக்கப்படலாம்.

சட்டபூர்வமான சந்தையின் பெரிய நன்மை தன்விலக்கு வசதி, அதாவது சூதாட்டத்திலிருந்து தன்னைத்தானே விலக்கிவைத்துக்கொள்ளும் வசதி, என்பதே என் உறுதியான கருத்து. பிரிட்டனின் கேம்ஸ்டாப்பில் ஒருமுறை பதிந்தால் உரிமம் பெற்ற எல்லா இணையச் சூதாட்டத் தளங்களும் உங்களுக்கு மூடப்படும். நீங்கள் தேர்ந்தெடுத்த காலம் (குறைந்தது ஆறு மாதம்) முடியும்வரை அதை நீக்க முடியாது. உரிமமில்லாத தளங்களை இது கட்டுப்படுத்தாது. தோற்ற பணத்தை விரட்டும் மனநிலையில் யாரும் வரம்பு வைப்பதில்லை. ஆகவே வைப்புத்தொகை வரம்பை முதல் பணம் கட்டுமுன் வையுங்கள். பிறகு சிறு தொகை கட்டி, அதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்து, அது வங்கிக்கு வந்து சேர எத்தனை நாளாகிறது என்று பார்த்தபின் ஆடத் தொடங்குங்கள்.