டிவியில் முதலீடு கேட்கப் போகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

தொழில் செய்கிறவர்கள் முதலீட்டாளர்களிடம் பணம் கேட்கும் பிபிசியின் 'டிராகன்ஸ் டென்' நிகழ்ச்சிக்கு 2007இல் லீவை ரூட்ஸ் என்பவர் கிட்டாரும் கையுமாக வந்தார். தான் தயாரித்த சாஸைப் பற்றி ஒரு பாட்டே பாடினார். முதலீட்டாளர்கள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் ஆர்டர் பற்றிக் கேட்டார்கள். 25 லட்சம் லிட்டருக்கு ஆர்டர் இருக்கிறது என்றார். உண்மையில் இருந்தது வெறும் 2,500 கிலோவுக்கு. அப்படியிருந்தும் அவருக்கு 50,000 பவுண்ட் கிடைத்தது. ஆனால் 20% பங்கு தருவதாகச் சொல்லி வந்தவர் 40% கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய சாஸ் பின்னால் பிரிட்டன் முழுக்க விற்றது வேறு கதை. பாட்டுப் பாடினால் தப்புக் கணக்கை மன்னித்துவிடுவார்கள் என்று நம்பி யாரும் கிளம்ப வேண்டாம்.

இந்த வகை நிகழ்ச்சி 2001இல் ஜப்பானில் தொடங்கி, 2005இல் பிரிட்டனுக்கும் 2009இல் 'ஷார்க் டேங்க்' என்ற பெயரில் அமெரிக்காவுக்கும் போய், 2021 டிசம்பரில் சோனி டிவி வழியாக இந்தியாவுக்கு வந்தது. தமிழில் 2025 முதல் விஜய் டிவியின் 'ஸ்டார்ட்அப் சிங்கம்' இருக்கிறது. நாடு மாறினாலும் சறுக்குகிற இடங்கள் பெரிதாக மாறவில்லை. வருகிறவர்களில் பலர் கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம் பேசுவது போலவே பேசுகிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் பொடி டப்பா வாங்க வரவில்லை, கம்பெனியில் பங்கு வாங்க வந்திருக்கிறார். அவருக்கு ருசியைவிட, போட்ட பணம் எப்படித் திரும்பி வரும் என்பதுதான் முக்கியம்.

முதல் சறுக்கல் முதல் வாக்கியத்திலேயே நடக்கிறது. "75 லட்சம் கேட்கிறேன், 5% பங்கு தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், தன் கம்பெனியின் மதிப்பு 15 கோடி என்று சொல்லிவிட்டார். அந்த 15 கோடியில் புதிதாக வரப்போகும் 75 லட்சமும் அடக்கம். அதாவது இன்றைக்குக் கம்பெனி 14.25 கோடி பெறும் என்கிறார். ஆண்டு விற்பனை 1.2 கோடிதான் என்றால், விற்பனையைப் போல சுமார் 12 மடங்கு கேட்கிறார். எதை வைத்து இந்த எண் என்ற கேள்வி உடனே வரும். போன சீசனில் இன்னொருவருக்குக் கிடைத்தது என்பது பதில் ஆகாது. வளர்ச்சி வேகம், லாபம், மறுபடி மறுபடி வாங்கும் வாடிக்கையாளர்கள், கடைசியாக வெளியாள் ஒருவர் எந்த விலைக்குப் பணம் போட்டார் என்பதெல்லாம்தான் பதில். பதில் கையில் இல்லையென்றால் மிச்ச நேரம் முழுக்க விலைச் சண்டையிலேயே போய்விடும். தொழிலைப் பற்றிப் பேச நேரமே இருக்காது.

மதிப்பைக் குறைத்துச் சொல்வதும் ஆபத்துதான். ஷார்க் டேங்க் இந்தியாவின் முதல் சீசனில் 'ஜுகாடு' கமலேஷ் என்ற விவசாயக் கருவி தயாரிப்பாளருக்கு முதலீட்டாளர் பியூஷ் பன்சல் 40% பங்குக்கு 10 லட்சமும், வட்டியில்லாக் கடனாக 20 லட்சமும் கொடுக்க முன்வந்தார். கருவி சோதனை நிலையில் இருந்தது, விற்பனை தொடங்கவில்லை. அந்த நிலைமையில் அது நல்ல ஆஃபர் என்றே நினைக்கிறேன். ஆனால் ஏற்கெனவே மாதாமாதம் விற்பனை நடக்கும் கம்பெனி முதலீடு திரட்டும் முதல் சுற்றிலேயே 40% கொடுத்தால், அடுத்த சுற்றுக்கு வருகிறவர் பங்குப் பட்டியலைப் பார்த்ததும் பின்வாங்குவார். தொழிலை நடத்துகிறவர் கையில் மிச்சம் கொஞ்சம்தான் என்றால், அவர் எதற்காக ராத்திரி பகலாக உழைப்பார்?

அடுத்தது விற்பனைக் கணக்கு. தீபாவளி மாதத்து விற்பனையை 12ஆல் பெருக்கி ஆண்டு விற்பனை என்று சொல்கிறவர்கள் உண்டு. திரும்பி வந்த சரக்கைக் கழிக்காமல் சொல்கிறவர்களும் உண்டு. இவற்றைவிட அதிகம் பேர் மாட்டிக்கொள்வது 'மார்ஜின்', அதாவது விற்ற விலையில் செலவு போக மிஞ்சுவது எவ்வளவு என்ற கேள்வியில். ஒரு கணக்குக்கு, 200 ரூபாய் விலை போட்ட பருப்புப் பொடி டப்பாவை எடுத்துக்கொள்வோம். 5% ஜிஎஸ்டி போக கைக்கு வருவது சுமார் 190. பருப்பு, மிளகாய், அரைப்புக் கூலி எல்லாம் சேர்த்து 55. உடனே "70% மார்ஜின் சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆன்லைன் தளத்தின் கமிஷன் 40, கூரியர் 45, டப்பாவும் லேபிளும் 12 என்று வைத்தால் மிஞ்சுவது 38. அந்த ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 35 ரூபாய் செலவானால் கையில் நிற்பது 3 ரூபாய். சம்பளம், வாடகை இன்னும் கழிக்கவில்லை. முதலீட்டாளர் இந்தக் கழித்தலை மனசுக்குள்ளேயே இரண்டு நிமிடத்தில் போட்டுவிடுவார். அவர் போடுவதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிட்டு, இரண்டாவது ஆர்டருக்கு விளம்பரச் செலவு இல்லை, மூன்று டப்பா சேர்த்து வாங்கினால் ஒரு கூரியர்தான் என்று விளக்கினால் உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

ராயல்டியில், அதாவது விற்பனையில் ஒரு பகுதியை முதலீட்டாளருக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பதில், ஏமாறுவதும் கணக்குத் தெரியாததால்தான். "உங்கள் மதிப்புக்கே ஒத்துக்கொள்கிறேன், ஆனால் 1.5 கோடி திரும்பி வரும்வரை விற்பனையில் 3% ராயல்டி வேண்டும்" என்று ஒருவர் 1 கோடியை நீட்டுகிறார் என்று வையுங்கள். கேட்கும்போது 3% சின்ன எண்ணாகத் தெரியும். மாத விற்பனை 20 லட்சம் என்றால் ராயல்டி 60,000. நிகர லாபம் 5% என்றால் அந்த மாதம் நீங்கள் சம்பாதித்ததே 1 லட்சம். அதில் பாதிக்கு மேல் போய்விட்டது. நஷ்டப்பட்ட மாதத்திலும் அந்த 60,000 போகும், ஏனென்றால் ராயல்டி லாபத்தைப் பார்ப்பதில்லை. விற்பனை இதே அளவில் நின்றால் 1.5 கோடி அடைய 20 வருஷத்துக்கு மேல் ஆகும். லாப விகிதம் பெரிதாக உள்ள தொழிலுக்கு ராயல்டி தாங்கும். மளிகை, உணவு மாதிரி மெல்லிய லாபத் தொழில்களை அது உறிஞ்சிவிடும்.

ஆஃபரை மறுப்பது பற்றிப் பேசும்போதெல்லாம் 'ரிங்' கம்பெனியின் கதையை எடுத்துவிடுவார்கள். 2013இல் அமெரிக்க நிகழ்ச்சியில் ஜேமி சிமினாஃப், கேமரா வைத்த காலிங் பெல்லோடு வந்து 10% பங்குக்கு 7 லட்சம் டாலர் கேட்டார். கெவின் ஓலியரி மட்டும் கடன், ராயல்டி, 5% பங்கு எல்லாம் கலந்த ஒரு ஆஃபர் கொடுத்தார். சிமினாஃப் வேண்டாம் என்று வெறுங்கையோடு போனார். 2018இல் அமேசான் அந்தக் கம்பெனியை வாங்கியது. சரி, மறுத்துவிட்டு நடந்தவர்களில் எத்தனை பேரை அமேசான் தேடி வந்தது? இந்தக் கதையில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். எந்த எல்லைக்குக் கீழே இறங்கமாட்டோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வர வேண்டும். கேமரா முன்னால் கூட்டாளிகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும், "அப்பாவுக்கு ஒரு போன் போட்டுட்டு வர்றேன்" என்பதும் முதலீட்டாளருக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிடும்: இவர்களுக்குள்ளேயே இன்னும் பேச்சு முடியவில்லை.

"இந்தியச் சந்தை 50,000 கோடி, அதில் 1% பிடித்தால் போதும்" என்பதை மறந்துவிடுங்கள். அந்த 1% எந்த ஊரில், எந்தக் கடையில் என்று கேட்டால் பதில் இருக்காது. "எங்களுக்குப் போட்டியே இல்லை" என்பதும் அப்படித்தான். பணத்தை எதற்குச் செலவழிப்பீர்கள் என்றால் "மார்க்கெட்டிங்" என்ற ஒற்றைச் சொல் போதாது. அழகுசாதனப் பொருள் கொண்டுபோகிறவர், ஷார்க் டேங்க் இந்தியாவில் எதிரே முதலீட்டாளராக இருக்கும் வினீதா சிங் அதே துறையில் சுகர் பிராண்டை நடத்துகிறார் என்பதை யோசித்துத்தான் போக வேண்டும். துறை தெரிந்தவர் உதவுவார் என்பது ஒரு பக்கம், போட்டியாளருக்கே கணக்கைத் திறந்து காட்டுகிறோம் என்பது இன்னொரு பக்கம்.

கஷ்டப்பட்ட கதையைச் சொல்லலாமா? தாராளமாக. கண்ணீர் டிஆர்பிக்கு நல்லது, நிகழ்ச்சிக்காரர்களே அதைக் கேட்டு வாங்குவார்கள். ஆனால் கதை முடிந்ததும் வரும் கேள்வி விற்பனை பற்றியதாகத்தான் இருக்கும்.

மேடையில் கை குலுக்கியதும் பணம் வந்துவிடாது. அது வெறும் வாய்ப்பேச்சு. அப்புறம்தான் ஆவணப் பரிசோதனை. டிவியில் சொன்ன விற்பனையும் ஜிஎஸ்டி ரிட்டனில் காட்டிய விற்பனையும் ஒத்துப்போகிறதா, டிரேட்மார்க் கம்பெனி பெயரில் இருக்கிறதா அல்லது மச்சான் பெயரில் இருக்கிறதா, உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) உரிமம் உண்டா என்று நோண்டுவார்கள். உலகம் முழுக்க, டிவியில் கைதட்டல் வாங்கிய பல ஒப்பந்தங்கள் இந்தக் கட்டத்தில்தான் உடைந்திருக்கின்றன. இன்னொன்று, தனி உரிமையாளர் பெயரில் நடக்கும் கடைக்குப் பங்கு என்று ஒன்றே கிடையாது. 5% தருகிறேன் என்று சொல்ல முதலில் பிரைவேட் லிமிடெட் மாதிரி ஒரு கம்பெனியாக இருக்க வேண்டும். ஆடிட்டரைப் பார்ப்பதற்கு நல்ல நேரம் விண்ணப்பம் போடுவதற்கு முன்.

நிகழ்ச்சிக்காரர்கள் நீட்டும் ஒப்பந்தத்தையும் வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அமெரிக்க ஷார்க் டேங்கில் ஒரு காலத்தில், மேடையேறும் கம்பெனிகளில் 5% பங்கோ லாபத்தில் 2% ராயல்டியோ தயாரிப்பாளர்களுக்குப் போக வேண்டும் என்ற விதியே இருந்தது. முதலீடு கிடைக்காதவர்களுக்கும் அதே விதிதான். அந்த நிகழ்ச்சியின் முதலீட்டாளர்களில் ஒருவராக இருந்த மார்க் கியூபன் எதிர்த்து நின்ற பிறகு 2013இல் அதை எடுத்தார்கள்.

ஒரு மணி நேரம் பேசியது டிவியில் பத்து நிமிடமாகச் சுருங்கும். எதை வைப்பது, எதை வெட்டுவது என்பது உங்கள் கையில் இல்லை. படப்பிடிப்பு முடிந்து ஒளிபரப்பாக மாதக்கணக்கில் ஆகலாம், ஒளிபரப்பாகாமலே போகவும் செய்யலாம். அதனால் ஆர்டர் குவியும் என்று நம்பி, ஒளிபரப்புத் தேதி உறுதியாகும் முன் கடன் வாங்கி கோடவுனை நிரப்பாதீர்கள், அதுவும் மூன்று மாதத்தில் காலாவதியாகும் சரக்கு என்றால் நிச்சயமாக வேண்டாம். தேதி தெரிந்ததும் முதலில் செய்ய வேண்டியது, ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் வந்தால் வெப்சைட் தாங்குமா என்று சோதித்துப் பார்ப்பது. சரக்கு தீர்ந்துபோனால் முன்பதிவு வாங்குகிற பட்டனையும் அதிலேயே போட்டு வையுங்கள்.